காருக்குள்ளேயே ஜாக்கி: ஏறாவிட்டால் என்ன செய்வது, இறங்காவிட்டால் என்ன செய்வது?

பஞ்சர் என்றதும் நம் வாயில் இரண்டு சொற்கள் வரும். ஒன்று ஸ்டெப்னி, இன்னொன்று ஜாக்கி. ஸ்டெப்னி என்பது ஒரு தெருவின் பெயர். வேல்ஸில் லானெல்லி என்ற ஊரில் ஸ்டெப்னி தெரு இருக்கிறது. அங்கே 1904-இல் டேவிஸ் சகோதரர்கள் இருவர், ஆரமில்லாத ஒரு வளையத்தில் காற்றடித்த டயரை மாட்டி, பஞ்சரான சக்கரத்தின் மேலேயே கவ்விக்கொள்ளும்படி விற்றார்கள். அந்தக் காலத்துக் கார்களில் மாற்றுச் சக்கரம் கிடையாது. தெருப் பெயர் பொருளுக்கு ஒட்டிக்கொண்டது. அந்தப் பொருள் மறைந்த பிறகும் நம் ஊரில் பெயர் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஜாக்கிக்கு இப்படி ஒரு தெரு கிடையாது. ஆனால் ஒரு காலத்தில் ஜாக்கியை டிக்கியில் போட்டுக்கொண்டு திரியாமல், காரின் உடம்போடு சேர்த்தே பொருத்தினார்கள். நாலு சக்கரத்துக்குப் பக்கத்திலும் ஒவ்வொன்று. ஒரு பம்ப் கைப்பிடியை ஆட்டினால் போதும், கார் தானாகவே எழுந்து நிற்கும். 1930-களின் பிரிட்டிஷ் சொகுசுக் கார்களில் இது பெருமைக்குரிய வசதி. அந்தக் கார்களில் சில இன்றும் ஓடுகின்றன. ஆனால் ஜாக்கி வேலை செய்கிறதா என்று கேட்டால் பெரும்பாலும் ஒரு பெருமூச்சுதான் பதில். அது எப்படி வேலை செய்கிறது என்று ஒருமுறை புரிந்துகொண்டால், எங்கே மக்கர் செய்கிறது என்று கண்டுபிடிப்பது அவ்வளவு கஷ்டமில்லை. இந்தக் கட்டுரை அதற்குத்தான். முன்பின் ஸ்பேனர் பிடிக்காதவரும் படிக்கலாம்.

முதலில், இதை ஏன் செய்தார்கள்? ரோல்ஸ் ராய்ஸ் பாண்டம் 3-ஐ எடுத்துக்கொள்வோம். 1936 முதல் 1939 வரை மொத்தம் 727 வண்டிகள்தான் செய்தார்கள். 12 சிலிண்டர், 7.3 லிட்டர் எஞ்சின். மேலே பாடி கட்டி முடித்தால் இரண்டரை டன்னைத் தொடும் யானை. அதற்குக் கீழே சாதாரண ஸ்க்ரூ ஜாக்கியைத் தள்ளி, சேற்றில் படுத்து, இரும்புக் கம்பியைச் சுற்றிச் சுற்றி ஏற்றுவது டிரைவருக்குப் பெரிய பாடு. அவர் சீருடை வேறு போட்டிருப்பார். பாண்டம் 3-இல் அடியிலேயே பொருத்திய ஜாக்கிகள் வண்டியோடு வந்தன. வேலைக்காரனின் முதுகு வலியைப் பார்த்து இரக்கப்பட்டுச் செய்தது என்று சொல்ல மாட்டேன். முதலாளி பின் சீட்டில் உட்கார்ந்து காத்திருக்கும் நேரம் குறையும், அதுதான் காரணமாக இருக்கும்.

இந்த வசதி பெரிய கார்களோடு நின்றுவிடவில்லை. போருக்குப் பிறகு, 1947-இல் வந்த எம்ஜி ஒய் டைப் ஒரு சின்னக் குடும்ப சலூன். எஞ்சின் வெறும் 1250 சிசி. அதில் ஸ்மித்ஸ் நிறுவனத்தின் ‘ஜாக்கால்’ என்ற ஏற்பாடு இருந்தது. நாலு ஹைட்ராலிக் ஜாக்கிகள் நிரந்தரமாகப் பொருத்தப்பட்டிருக்கும். பானட்டைத் திறந்தால் எஞ்சினுக்குப் பின்னால் இருக்கும் தடுப்புச் சுவரில் பம்ப். முன்பக்கம் மட்டும், பின்பக்கம் மட்டும், அல்லது முழு வண்டியையும் தூக்கலாம். ஜாக்கி கெட்டுப்போனதைச் சரிசெய்யப் பார்க்கும் பலருக்கும் கையில் கிடைப்பது இந்த மாதிரி ஏற்பாடுதான் என்பதால், இதையே மனதில் வைத்து மேலே போவோம்.

மூன்று கிலோ அழுத்தினால் ஐநூறு கிலோ எழுவது எப்படி

மூடிய பாத்திரத்தில் இருக்கும் திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால், அந்த அழுத்தம் குறையாமல் எல்லா இடத்துக்கும் போய்ச் சேரும். 17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர் பாஸ்கல் சொன்னது. 1795-இல் ஜோசப் பிராமா என்ற ஆங்கிலேயர் இதை வைத்து ஹைட்ராலிக் பிரஸ் செய்து காப்புரிமை வாங்கினார். கார் ஜாக்கி அந்தப் பிரஸ்ஸின் பேரப்பிள்ளை.

ஒரு கணக்குப் போட்டால் விளங்கிவிடும். எண்கள் நான் உதாரணத்துக்கு வைத்தவை. உங்கள் வண்டியில் வேறாக இருக்கும். பம்புக்குள் ஓடும் தண்டின் குறுக்களவு 1 செ.மீ. ஜாக்கிக்குள் இருக்கும் பிஸ்டனின் குறுக்களவு 4 செ.மீ. குறுக்களவு நாலு மடங்கு என்றால் பரப்பளவு பதினாறு மடங்கு. அதாவது பம்ப் தண்டில் 1 கிலோ அழுத்தினால் ஜாக்கியில் 16 கிலோ தூக்கும். இதற்கு மேல் கைப்பிடி நெம்புகோல் பத்து மடங்கு தருகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 160 மடங்கு. இரண்டு டன் காரின் ஒரு மூலைக்கு 500 கிலோ என்றால், கை அழுத்த வேண்டியது மூன்று கிலோ சொச்சம். உராய்வு இன்னும் கொஞ்சம் கேட்கும். ஆனாலும் ஒரு சின்னப் பையன் ஆட்டிவிடலாம்.

சும்மா கிடைப்பதில்லை. பம்ப் தண்டு 3 செ.மீ. இறங்கினால் ஜாக்கி 3-இல் பதினாறில் ஒரு பங்கு, அதாவது 2 மில்லிமீட்டர்கூட ஏறாது. 15 செ.மீ. ஏற்ற 80 தடவை ஆட்ட வேண்டும். நாலு ஜாக்கிக்கும் சேர்த்து 320. “நாப்பது தடவை அடிச்சும் கார் அசையவே இல்லை, ஏதோ கெட்டுப்போச்சு” என்று முடிவு கட்டுவதற்கு முன் இந்தக் கணக்கை நினைவில் வையுங்கள். ஜாக்கியின் கால், அதாவது கீழே நீண்டு தரையில் ஊன்றும் தண்டு, தரையைத் தொடும் வரை எவ்வளவு அடித்தாலும் வண்டி அசையாது. வெறும் காலைக் கீழே இறக்கவே பாதி ஆட்டம் போய்விடும்.

உள்ளே என்னென்ன இருக்கின்றன? கிராமத்து அடிகுழாயைத் தெரிந்தவருக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும். எண்ணெய்த் தொட்டி. அதிலிருந்து பம்புக்கு வரும் வழியில் ஒரு வால்வு. உள்ளே விடும், திரும்ப விடாது. பம்பிலிருந்து வெளியே போகும் வழியில் இன்னொரு வால்வு. வெளியே விடும், திரும்ப விடாது. இரண்டும் பெரும்பாலும் ஒரு சின்ன இரும்புக் குண்டும் அது உட்காரும் பள்ளமும்தான். அப்புறம் எந்தப் பக்கம் தூக்க வேண்டும் என்று திருப்பும் கட்டுப்பாட்டு வால்வு. அதிலேயே, அல்லது தனியாக, இறக்குவதற்கான திறப்பு. அங்கிருந்து சேசிஸ் எனும் அடிச்சட்டத்தின் ஓரமாக ஓடும் உலோகக் குழாய்கள், சில இடங்களில் ரப்பர் ஹோஸ். கடைசியில் நாலு ஜாக்கிகள். ஜாக்கிக்குள் பிஸ்டனும் அதைச் சுற்றி ஆயில் கசியாமல் பிடிக்கும் சீலும் இருக்கும். பம்ப் அழுத்தத்தால் கால் கீழே போகும். திறந்துவிட்டால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் காலை மேலே இழுத்துக்கொள்ளும். இறக்கும்போது ஹைட்ராலிக் எதுவும் வேலை செய்வதில்லை. காரின் எடையும் ஸ்பிரிங்கும்தான். இது பின்னால் உதவும்.

கையை வைப்பதற்கு முன்

இந்த ஜாக்கி சக்கரம் மாற்றுவதற்கு மட்டும். அதை நம்பி யாரும் வண்டிக்கு அடியில் போகக் கூடாது. 80 வயதான ஒரு ரப்பர் வாஷருக்கும் உங்கள் மார்புக்கும் நடுவில் வேறொன்றும் இல்லை என்று நினைத்துப் பாருங்கள்.

இன்னொன்று பலருக்குத் தோன்றாது. நாலு சக்கரமும் தரையை விட்டு எழுந்துவிட்டால் ஹேண்ட் பிரேக்குக்கு வேலையே இல்லை. கார் நாலு முளைக்குச்சிமேல் நிற்கிறது. பக்கவாட்டில் ஒரு தள்ளு தள்ளினால் நாலும் சேர்ந்து மடங்கும். பின்பக்கம் மட்டும் தூக்கினாலும் இதே கதைதான், ஏனென்றால் பெரும்பாலான கார்களில் ஹேண்ட் பிரேக் பிடிப்பது பின்சக்கரத்தை. ஆகவே சமதளத்தில், கெட்டித் தரையில் நிறுத்தி, தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்துவிட்டுத்தான் பம்பைத் தொட வேண்டும். பழுது பார்ப்பதற்கு வேறொரு நல்ல டிராலி ஜாக்கியால் தூக்கி, உறுதியான ஸ்டாண்டுகளில் உட்கார வைத்துவிடுங்கள். அப்போது உள் ஜாக்கிகள் எடையில்லாமல் காற்றில் தொங்கும். அந்த நிலையில்தான் அவற்றை நிதானமாகச் சோதிக்க முடியும்.

“ஒரு ஜாக்கி மட்டும் ஏறவில்லை”

இதில்தான் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். அதனால் இதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

நாலு ஜாக்கியும் ஒரே குழாயில் இணைந்திருக்கின்றன என்றால், நாலிலும் அழுத்தம் ஒன்றுதான். நாலும் ஒரே அளவு என்றால் நாலும் தரும் தூக்கு விசையும் ஒன்றுதான். ஆனால் காரின் எடை நாலு மூலையிலும் ஒன்றாக இருப்பதில்லை. எஞ்சின் முன்னால் இருக்கிறது. ஒரு டன் காரில் முன்பக்கம் 550 கிலோ, பின்பக்கம் 450 கிலோ என்று வைப்போம். நீங்கள் அடிக்க அடிக்க அழுத்தம் ஏறுகிறது. 225 கிலோ தூக்கும் அளவு வந்ததும் பின் ஜாக்கிகள் இரண்டும் எழத் தொடங்கும். முன்பக்கத்துக்கு 275 வேண்டும். அழுத்தம் இன்னும் அங்கே போகவில்லை. இப்போது நீங்கள் அடிக்கும் ஒவ்வொரு சொட்டு எண்ணெயும் பின்பக்கத்துக்குத்தான் போகும். பின் ஜாக்கிகள் முழுதாக நீண்டு முட்டி நின்ற பிறகே அழுத்தம் மறுபடி ஏறும். அப்போதுதான் முன்பக்கம் அசையும்.

பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்? “பின்னால நல்லா வேலை செய்யுது, முன்னால ரெண்டும் போச்சு.” முன் ஜாக்கிகளைக் கழற்றிப் பிரித்து, புது சீல் போட்டு, மாட்டிப் பார்த்தால் அதே கதை. உண்மையில் ஒன்றுமே கெடவில்லை. தண்ணீர் பள்ளம் பார்த்து ஓடுவதுபோல எண்ணெய் இளைத்த இடம் பார்த்து ஓடியிருக்கிறது, அவ்வளவே. பக்கவாட்டிலும் இப்படி நடக்கும். ஒரு பக்கம் டிரைவர் உட்கார்ந்திருந்தால், அல்லது தரை சற்றே சரிவாக இருந்தால், ஒரு மூலை முந்திக்கொண்டு கார் கொஞ்சம் சாயும்.

இதை உறுதிப்படுத்துவது சுலபம். வண்டியை ஸ்டாண்டில் வைத்து எடையை எடுத்துவிட்டு அடித்துப் பாருங்கள். ஏறாத ஜாக்கி இப்போது நீண்டால் அது நன்றாகவே இருக்கிறது. எடையில்லாதபோதும் வரிசை இருக்கும்: எதன் ஸ்பிரிங் தளர்ந்ததோ அது முதலில் இறங்கும். அது குற்றமில்லை. மற்ற மூன்றும் முட்டி நின்ற பிறகும், கைப்பிடி கல்லாக இறுகிய பிறகும் அந்த நாலாவது அசையாமல் இருக்கிறது என்றால் மட்டுமே அங்கே ஏதோ இருக்கிறது. துருவில் பிஸ்டன் ஒட்டிக்கொண்டிருக்கும், அல்லது குழாய் அடைத்திருக்கும். எது என்று அறிய, அந்த ஜாக்கிக்குப் போகும் குழாய் இணைப்பைச் சற்றே தளர்த்தி, ஒருவரை மெதுவாக அடிக்கச் சொல்லுங்கள். எண்ணெய் வந்தால் குழாயில் குற்றமில்லை, ஜாக்கியைக் கழற்றலாம். வரவில்லை என்றால் ஜாக்கியைத் தொடவே வேண்டாம். குழாய் பக்கம் போங்கள். இணைப்பைத் தளர்த்தும்போது கண்ணாடி போட்டுக்கொள்வது நல்லது. அழுத்தத்தில் இருக்கும் எண்ணெய் ஊசிபோலப் பாயும்.

முன்பக்கம் என்று திருப்பினால் பின்பக்கம் எழுகிறதா? அது ஜாக்கியின் வேலையே இல்லை. கட்டுப்பாட்டு வால்வு உள்ளுக்குள் கசிந்து எண்ணெயை மறுபக்கம் விடுகிறது.

கைப்பிடி சொல்லும் செய்தி

பழைய மெக்கானிக்குகள் காதாலும் கையாலும் வேலை செய்வார்கள் என்று சொல்வதுண்டு. இந்த ஏற்பாட்டில் கை ஒன்றே போதும். பம்ப் கைப்பிடி எப்படி இருக்கிறது என்பதிலேயே முக்கால்வாசி தெரிந்துவிடும்.

கைப்பிடி காற்றில் ஆட்டுவதுபோல லேசாக, எதிர்ப்பே இல்லாமல் போகிறதா? பம்புக்கு எண்ணெய் வரவில்லை. முதலில் தொட்டியைப் பாருங்கள். இங்கே ஒரு சின்ன சூட்சுமம் உண்டு: நாலு ஜாக்கியும் முழுதாக மேலே சுருங்கியிருக்கும்போதுதான் எண்ணெய் அளவைப் பார்க்க வேண்டும். நீண்டிருக்கும்போது எண்ணெயெல்லாம் ஜாக்கிக்குள் போயிருக்கும். நம் கணக்கில் ஒரு ஜாக்கிக்கு 188 மி.லி., நாலுக்கும் முக்கால் லிட்டர். தொட்டி காலியாகத் தெரிகிறதே என்று அப்போது ஊற்றி நிரப்பினால், வண்டியை இறக்கும்போது அவ்வளவும் பொங்கி வழியும். பெயின்ட்டின் மேல்.

எண்ணெய் இருக்கிறது, ஆனாலும் லேசாகவே போகிறது என்றால், தொட்டி மூடியில் இருக்கும் காற்றுத் துளை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். காற்று உள்ளே வராவிட்டால் எண்ணெய் வெளியே வராது. அதுவும் சரி என்றால் உள்வரும் வால்வின் குண்டு ஒட்டிக்கொண்டிருக்கலாம், அல்லது பம்புக்குள் வெறும் காற்றுதான் இருக்கலாம். வாஷர் காய்ந்துபோன அடிகுழாயில் ஒரு சொம்புத் தண்ணீரை மேலே ஊற்றி வேகமாக நாலு அடி அடித்தால் பிடித்துக்கொள்ளும் இல்லையா? எங்கள் தெரு அடிகுழாய்க்குப் பக்கத்தில் அதற்கென்றே ஒரு நசுங்கிய சொம்பு கிடக்கும். அதே வைத்தியம்தான் இங்கும். பம்ப் வெளியேற்றும் இணைப்பைத் தளர்த்தி, குமிழி நின்று முழு எண்ணெய் வரும் வரை அடித்து, கைப்பிடி கீழே இருக்கும்போதே இறுக்கிவிட வேண்டும்.

கைப்பிடி ஸ்பிரிங்போல இருக்கிறதா? அழுத்தினால் போகிறது, விட்டால் துள்ளித் திரும்புகிறது, ஜாக்கி விட்டு விட்டு ஏறுகிறது. இது குழாய்க்குள் இருக்கும் காற்று. எண்ணெய் சுருங்காது, காற்று சுருங்கும். நீங்கள் போடும் உழைப்பெல்லாம் காற்றைச் சுருக்குவதில் போய்விடுகிறது. பிரேக்கில் ஏர் எடுப்பதுபோலவே இதிலும் எடுக்க வேண்டும். பம்புக்கு மிகத் தொலைவில் உள்ள ஜாக்கியில் தொடங்கி, கிட்டே உள்ளதில் முடியுங்கள். காற்றை வெளியே விடும் நிப்பிள் இருந்தால் அதில் ஒரு பிளாஸ்டிக் குழாய் மாட்டி, மறுமுனையை எண்ணெய் ஊற்றிய பாட்டிலில் முக்கிவிட்டு அடிக்கலாம். இல்லாவிட்டால் இணைப்பையே தளர்த்தி எடுக்கலாம். தொட்டி நடுவில் காலியாகிவிடாமல் ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும். காலியானால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

எடுத்த காற்று ஒரு வாரத்தில் மறுபடி வந்துவிட்டது என்றால், எங்கோ உறிஞ்சுகிறது. எண்ணெய் கசியாத இடத்தில்கூடக் காற்று நுழையும். தொட்டிக்கும் பம்புக்கும் நடுவில் உள்ள இணைப்பைச் சந்தேகப்படுங்கள். அங்கே அழுத்தம் இல்லை, உறிஞ்சல்தான் இருக்கிறது. அதனால் வெளியே ஈரம் காட்டாமலே காற்றை இழுக்கும்.

ஏறுகிறது, ஆனால் நிற்கவில்லை

ஏற்றிவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் கார் பாதி இறங்கியிருக்கிறது. எங்கோ எண்ணெய் தப்பிக்கிறது. வெளியே தப்பித்தால் பிழைத்தோம்: ஒரு அட்டையை அடியில் விரித்து வைத்தால் சொட்டு எங்கே விழுகிறது என்று தெரிந்துவிடும். ஜாக்கியின் கால் ஈரமாக இருந்தால் சீல். இணைப்பு ஈரமாக இருந்தால் இறுக்கம், அல்லது குழாயின் விரிந்த வாய் வெடித்திருக்கும்.

எங்குமே ஈரமில்லை, ஆனாலும் இறங்குகிறது. இதுதான் சுவாரசியமான நோய். எண்ணெய் உள்ளுக்குள்ளேயே தொட்டிக்குத் திரும்புகிறது. திரும்ப இரண்டு வழிகள்தான் உண்டு. ஒன்று, பம்பின் வெளியேற்றும் வால்வு. இன்னொன்று, இறக்கும் திறப்பு அல்லது கட்டுப்பாட்டு வால்வு.

இரண்டையும் பிரித்துப் பார்க்காமலே கண்டுபிடிக்கலாம். காரைத் தூக்கி நிறுத்திவிட்டு, கைப்பிடியைக் கீழே அழுத்தி விட்டுவிட்டுச் சும்மா நில்லுங்கள். கைப்பிடி தானாக மெல்ல மேலே எழுந்தால் வெளியேற்றும் வால்வு கசிகிறது. ஜாக்கியின் அழுத்தம் திரும்பிவந்து பம்ப் தண்டைத் தள்ளுகிறது, தண்டு கைப்பிடியைத் தள்ளுகிறது. கைப்பிடி அசையவே இல்லை, ஆனால் கார் இறங்குகிறது, தொட்டியில் எண்ணெய் ஏறுகிறது என்றால் இறக்கும் திறப்போ கட்டுப்பாட்டு வால்வோ சரியாக மூடவில்லை. ஒரு பைசா செலவில்லாத சோதனை. கைப்பிடி உயர்வதைப் பார்க்கும்போது யாரோ உள்ளே இருந்து ஆட்டுவதுபோல இருக்கும். முதல் தடவை சிலிர்க்கும்.

வால்வு கசிவுக்கு மிகச் சாதாரணமான காரணம் தூசி. குண்டுக்கும் பள்ளத்துக்கும் நடுவில் ஒரு துரும்பு. திறப்பை நன்றாகத் திறந்து வைத்து இருபது முப்பது தடவை வேகமாக அடித்தால், ஓடும் எண்ணெயே அதை அடித்துக்கொண்டு போய்விடும், பல நேரம் இத்துடன் தீர்ந்துவிடும். தீராவிட்டால் கழற்றிச் சுத்தம் செய்து, அதே அளவில் புதுக் குண்டு போடுங்கள். பள்ளம் அரித்திருந்தால் பட்டறையில் ஒரு பழைய வழக்கம் உண்டு: குண்டைப் பள்ளத்தில் வைத்து, மேலே பித்தளைக் கம்பியை நிறுத்தி, சுத்தியலால் செல்லமாக ஒரே ஒரு தட்டு. பள்ளம் குண்டின் வடிவுக்குப் படியும். பிறகு அந்தக் குண்டை எறிந்துவிட்டுப் புதியதைப் போட வேண்டும். ஓங்கி அடித்தால் பம்பையே எறிய வேண்டிவரும்.

இறங்கவில்லை

திறந்துவிட்டும் ஜாக்கி மேலே போகவில்லை. கார் இறங்கிவிட்டது, ஆனால் கால் மட்டும் தரையைத் தொட்டபடி தொங்குகிறது. இதைக் கவனிக்காமல் ஓட்டினால் முதல் மேட்டிலேயே கால் வளைந்துவிடும்.

மேலே சொன்னது நினைவிருக்கட்டும்: காலை மேலே இழுப்பது ஸ்பிரிங் மட்டுமே. அதற்கு அதிக வலு கிடையாது. ஆகவே சின்னத் தடங்கல்கூடப் போதும். காலில் காய்ந்த சேறு, லேசான துரு, சற்றே வளைந்த தண்டு. வண்டி ஜாக்கியில் நிற்கும்போது ஒருமுறை உருண்டு இறங்கியிருந்தால் வளைவு நிச்சயம். ஜாக்கியை நீட்டி வைத்து, காலைத் துணியால் துடைத்து, ஒரு நேரான அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். துருவை நைஸான எமரி பேப்பரால் எடுக்கலாம், ஆனால் சொரசொரப்பாகப் பள்ளம் விழுந்திருந்தால் எமரி உதவாது. போடும் ஒவ்வொரு புது சீலையும் அது அரம்போலத் தின்னும். அதை லேத்தில் கடைந்து ஹார்டு குரோம் பூச்சு ஏற்றிக்கொள்வது நல்லது.

இன்னொரு கள்ளன் ரப்பர் ஹோஸ். பழைய ஹோஸ் வெளியே பார்க்க நன்றாக இருக்கும், உள்ளே ரப்பர் உரிந்து நாக்குபோலத் தொங்கும். பம்பின் அழுத்தத்தில் எண்ணெய் அதைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விடும்; திரும்பி வரும்போது நாக்கு வாயை மூடிக்கொள்ளும். பழைய கார்களின் பிரேக் பிடித்து விடாமல் இருப்பதற்கும் இதுவே காரணமாக இருப்பதுண்டு. வயதான ஹோஸைச் சோதித்துக்கொண்டிருக்காமல் மாற்றிவிடுங்கள்.

எந்த எண்ணெய்?

அந்தக் காலத்து ஹைட்ராலிக் பிரேக் திரவங்களில் இருந்தது நம் வீட்டு விளக்கெண்ணெய்தான். ஆமணக்கு எண்ணெயோடு ஆல்கஹால் கலந்தது. அந்தக் கால சீல்கள் இயற்கை ரப்பர். இயற்கை ரப்பருக்கு விளக்கெண்ணெய் ஒன்றும் செய்யாது. ஆனால் பெட்ரோலியத்திலிருந்து வரும் மினரல் எண்ணெய் பட்டால் ஊறிப் பெருத்துவிடும். இன்றைய சாதாரண ஜாக்கி ஆயில் மினரல் வகை. “எல்லாம் எண்ணெய்தானே” என்று அதை ஊற்றினால், சில நாளில் சீல் உப்பி, பிஸ்டனைக் கவ்விப் பிடித்து, நாலு ஜாக்கியும் ஒரே சமயத்தில் இறுகிவிடும். நாலும் ஒன்றாகக் கெட்டால் முதல் சந்தேகம் எண்ணெய் மேல்தான்.

மறுபக்கம், யாராவது முன்பே நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் சீல் போட்டிருந்தால் அதற்கு மினரல் எண்ணெய் சரி. இன்று கடையில் கிடைக்கும் கிளைகால் வகை பிரேக் திரவம் அதற்கு ஆகாது. மேலும் பிரேக் திரவம் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும், ஆண்டுக்கணக்கில் அசையாமல் கிடக்கும் ஜாக்கிக்குள் துரு பிடிக்க வைக்கும், சிந்தினால் பெயின்ட்டையும் உரிக்கும்.

சீட்ரான் நிறுவனத்துக்கே இந்தச் சிக்கல் வந்தது. 1955-இல் வந்த டிஎஸ் காரில் சஸ்பென்ஷனே ஹைட்ராலிக். தனி ஜாக்கி வேண்டாம்: நெம்புகோலால் வண்டியை உச்சத்துக்கு ஏற்றி, பக்கவாட்டில் ஒரு ஸ்டாண்டை மாட்டி, மறுபடி இறக்கினால் சக்கரங்கள் மேலே சுருங்கி எழும். அழகான யோசனை. ஆனால் முதலில் போட்ட திரவம் ஈரத்தை உறிஞ்சித் துருவைக் கொண்டுவந்தது. 1960-களின் நடுவில் பச்சை நிற மினரல் திரவத்துக்கு மாறினார்கள். குழப்பம் வராமலிருக்க உதிரிபாகங்களுக்கும் பச்சை அடித்தார்கள். பழைய வண்டிக்குப் பச்சையை ஊற்றக் கூடாது, புதியதுக்குப் பழையதை ஊற்றக் கூடாது.

உங்கள் ஜாக்கியில் இருப்பது எந்த ரப்பர் என்று தெரியாவிட்டால், கழற்றிய ஒரு சீலை அளந்துவிட்டு, ஊற்ற நினைக்கும் எண்ணெயில் ஒரு மூடிய பாட்டிலில் நாலைந்து நாள் ஊறப் போடுங்கள். எடுத்து மறுபடி அளந்தால் பெருத்திருக்கிறதா, கொழகொழவென்று ஆகியிருக்கிறதா என்று தெரிந்துவிடும். அவசரமென்றால் நாலு சீலையும் ஒரே வகையில் புதிதாகப் போட்டு, உள்ளே இருந்த பழைய எண்ணெயை முழுக்க வடித்து, குழாய்களை மெத்திலேட்டட் ஸ்பிரிட்டால் கழுவிக் காயவைத்து, அந்த சீலுக்கு ஏற்ற எண்ணெயை ஊற்றுவதே நிம்மதி. பம்புக்குள் இருக்கும் சீலையும் மறந்துவிடாதீர்கள்; ஜாக்கிக்கு நைட்ரைல், பம்புக்குப் பழைய ரப்பர் என்று விட்டால் ஏதோ ஒன்று கெடும்.

எல்லாம் மாட்டியாயிற்று, காற்றும் எடுத்தாயிற்று என்றால் கடைசியாக ஒரு சோதனை. சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன்பக்கத்தை அதன் சொந்த ஜாக்கியிலேயே ஏற்றுங்கள். கீழே ஸ்டாண்டுகளைத் தள்ளி, சேசிஸுக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி விடுங்கள். ஜாக்கியின் காலில், அது கூட்டுக்குள் நுழையும் இடத்தில், சாக்பீஸால் ஒரு கோடு. ராத்திரி முழுக்க அப்படியே விட்டுவிட்டுக் காலையில் பாருங்கள். கோடு அதே இடத்தில் இருந்தால் மறுநாள் பின்பக்கத்துக்குப் போகலாம். கோடு உள்ளே போயிருந்தால், கைப்பிடியைக் கீழே அழுத்தி விட்டுவிட்டு மறுபடி பக்கத்தில் நில்லுங்கள்.